புக்கிட் காத்திலுக்கு வசந்தம் வந்தது

மார்ச் மாதம் பிறந்த அன்று காலையில் புக்கிட் காத்திலுக்கு வசந்தம் வந்தது. வாட்ஸ்அப்பில் வந்தது. 'பொன்தளிர் பாலர் பள்ளிப் பெற்றோர்' குழுவில் ஒரு படம். மரம் கொள்ளாமல் இளஞ்சிவப்புப் பூக்கள். அதன் கீழே அறிவிப்பு: "அன்புள்ள பெற்றோரே, வசந்தம் தொடங்கிவிட்டது. நாளை மாலை கூட்டம். வராதவர்களின் பிள்ளைகள் வசந்தத்தில் பின்தங்க நேரிடும்."

அதுவரை மலாக்காவின் அந்த வட்டாரத்தில் வெயில், மழை, டுரியான் பழம் என்று மூன்று பருவங்கள்தான் இருந்தன. அந்த மூன்றையே வைத்துக்கொண்டு மக்கள் பிள்ளைகளைப் பெற்று, வளர்த்து, ஆளாக்கியும் இருந்தார்கள். அது எவ்வளவு பெரிய குறை என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

மலர்விழி மலாக்கா டவுனில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்தாள். கவுண்டருக்குப் பின்னால் நின்றபடி படத்தைப் பார்த்தாள். பார்த்து முடிப்பதற்குள் ஷெர்லீனின் பதில் வந்து விழுந்தது. "வாவ்! கெவின் இப்பவே குதிக்கிறான் மேடம்!"

மலர்விழி அவசரமாக இரண்டு 'வாவ்' அனுப்பினாள்.

இருவரும் செலண்டார் பக்கம் ஒரே எஸ்டேட்டில் பிறந்தவர்கள். ஒரே தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். இப்போது ஒரே தாமான் குடியிருப்பில் இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார்கள். இத்தனை ஒற்றுமை உள்ள இருவருக்குள் என்ன இருக்குமோ அது இருந்தது. ஷெர்லீன் வாசலுக்கு டைல்ஸ் போட்டால் மலர்விழி கேட்டை மாற்றுவாள். மலர்விழி கேட்டை மாற்றினால் ஷெர்லீன் காரை மாற்றுவாள். ஷெர்லீனின் மகன் கெவினும் மலர்விழியின் மகன் நிவேந்திரனும் ஒரே மாதத்தில் பிறந்தார்கள். அது மட்டும் தற்செயல் என்று மலர்விழியின் கணவன் சுரேன் யாரிடமும் சத்தியம் செய்யத் தயாராக இருந்தான்.

கூட்டத்துக்கு எல்லாரும் வந்திருந்தார்கள். பள்ளியின் இயக்குநர் திருமதி உஷாராணி பச்சைச் சேலையில் மைக்கைப் பிடித்தார்.

"நம்ம பாடத்திட்டத்தோட தலைமையகம் வெளிநாட்டுல இருக்கு. அங்க இப்ப வசந்தம். அங்க வசந்தம்னா இங்கயும் வசந்தம். அதுக்குப் பேருதான் தரம்."

சுரேன் கையைத் தூக்கினான். மலர்விழி அவன் முழங்கையைக் கீழே இழுத்துப் பார்த்தாள், முடியவில்லை. "மேடம், நம்ம ஊர்ல வசந்தமே இல்லியே?"

"நல்ல கேள்வி சார்." உஷாராணி சிரித்தார். "மண்ணு, மழ, புழு, பூச்சி, இதெல்லாம் வெளிய சும்மா கெடக்கு. அதப் பிள்ளைங்க தானாவே கத்துக்கும். சும்மா கெடக்குறதுக்கு நீங்க ஏன் எங்ககிட்ட வரணும்? இல்லாதத கத்துக் குடுக்குறதுதான் கல்வி."

கூடம் அதிரக் கைதட்டினார்கள். ஷெர்லீன் முதலில் தட்டிவிட்டதால் மலர்விழி கூடுதல் பலத்தோடு தட்டினாள்.

பிறகு உஷாராணி ஒரு சுவரைத் திரை விலக்கிக் காட்டினார். அதற்கு மலர்ச்சிச் சுவர் என்று பெயர். கீழே மண் நிறம், மேலே வான நிறம். பிள்ளைகளின் வளர்ச்சி விதை, முளை, மொட்டு, மலர் என்று நான்கு நிலையாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு பிள்ளையின் படமும் அதன் நிலைக்கு ஏற்ற உயரத்தில் ஒட்டப்படும். வருகிற போகிற எல்லாரும் பார்க்கும்படி சுவர் வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. "ஒப்பிடக் கூடாது. ஒவ்வொரு பிள்ளையும் தனி. யாரு யாரவிட மேல இருக்காங்கன்னு தெளிவாத் தெரியணும்னுதான் இந்த ஏற்பாடு" என்றார் உஷாராணி.

வசந்தம் உடனே தொடங்கவில்லை. முதலில் குளிர்காலம் வர வேண்டியிருந்தது. குளிர்காலம் இல்லாமல் வசந்தத்துக்குள் நுழைவது விசா இல்லாமல் நாட்டுக்குள் நுழைவது போல என்று உஷாராணி விளக்கினார். வகுப்பறை ஏர்கோனின் வெப்பநிலையை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்தார்கள். பிள்ளைகள் குளிருடையில் வர வேண்டும். கெவினுக்கு மெல்பர்னில் இருக்கும் மாமா அனுப்பிய அசல் கம்பளிச் சட்டை இருந்தது. நிவேந்திரன் தன் அப்பா மோட்டார் சைக்கிளில் நைட் ஷிப்டுக்குப் போட்டுக்கொண்டு போகும் ஜாக்கெட்டில் போனான். அது அவன் முட்டிக்குக் கீழே தொங்கியது.

"கெவின் ரொம்ப அழகா நடுங்குறான்க்கா" என்று வகுப்பாசிரியை அனுசியா ஒரு நாள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அன்று மாலையிலிருந்து மலர்விழி வீட்டில் நடுக்கப் பயிற்சி தொடங்கியது.

"நடுங்குடா. பல்லு சத்தம் கேக்கணும்."

"வேர்க்குதும்மா."

"வேர்த்துக்கிட்டே நடுங்கு!"

குளிர்காலம் முடிந்த அன்று ஜன்னல்களை எல்லாம் ஒரே நேரத்தில் திறந்துவிட்டார்கள். வெளியே மலாக்காவின் மார்ச் வெயில் காத்துக்கொண்டிருந்தது. கம்பளிக்குள் இருந்த பிள்ளைகள் சூடு தாங்காமல் மலாயில் "பானாஸ்! பானாஸ்!" என்று அலறினார்கள். வசந்தத்தை வரவேற்கும் மகிழ்ச்சிக் குரல் என்று தலைப்பிட்டு அந்த வீடியோ தலைமையகத்துக்குப் போனது.

அதன் பின் முதல் மதிப்பீடு. பூத்த மரத்தின் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டி முகத்தைக் கவனித்தார்கள். கெவின் "வாவ்!" என்றான். நிவேந்திரன் படத்தின் அருகே போய், "டீச்சர், இந்த மரத்துல எல ஏன் இல்ல?" என்று கேட்டான். கெவின் முளையானான். நிவேந்திரன் விதையாகவே இருந்தான். காரணம்: வியப்பு போதவில்லை, கேள்வி அதிகம்.

"கேள்வி கேட்டா நல்லதுதானே?" என்றான் சுரேன், சோற்றைப் பிசைந்துகொண்டே.

"நல்லதா? கெவின் மொளச்சிட்டான். நம்ம புள்ள மண்ணுக்குள்ள கெடக்கான்!"

அன்று அவள் சாப்பிடவில்லை. ஷெர்லீன் மட்டும் இரண்டு தட்டு சாப்பிட்டிருப்பாள் என்று அவளுக்கு உறுதியாகத் தோன்றியது.

அடுத்தது அவரை விதை. அனுசியா டீச்சர் ஆளுக்கு ஒரு காகிதக் கோப்பையில் மண்ணும் விதையும் போட்டுக் கொடுத்தாள். மார்ச் மூன்றாவது வாரத்தில்தான் முளைக்க வேண்டும் என்று பாடத்திட்டம் சொன்னது. பாடத்திட்டம் எழுதப்பட்ட நாட்டில் மண் அப்படிப்பட்டது. நிவேந்திரனின் விதை புக்கிட் காத்தில் மண்ணில் கண்ணை மூடித் திறப்பதற்குள் முளைத்து, இரண்டு இலை விட்டு, கோப்பையைத் தாண்டி எட்டிப் பார்த்தது. மலர்விழி பூரித்துப் போய் அதைப் பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

உஷாராணி கோப்பையைப் பார்த்தார். பிறகு அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "மலர்விழி, இது வளர்ச்சி இல்லம்மா. அவசரம். மத்த பிள்ளைங்க மனசு என்னா ஆகும்? அட்டவணைக்கு முந்தி வளர்றதும் ஒரு வகையில பின்தங்குறதுதான்."

"கெவினோடது?"

"அதப் பாருங்க. எவ்வளவு ஒழுக்கமா இருக்கு." ஜன்னலோரம் காட்சிக்கு வைத்திருந்த கெவினின் கோப்பையில் மண் அசைவில்லாமல் கிடந்தது.

புது விதை கிடைத்தது. மலர்விழி அதைக் குளிர்சாதனப் பெட்டியில் சம்பால் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தாள். காலையிலும் மாலையிலும் கதவைத் திறந்து, முளைத்துவிடவில்லையே என்று பார்த்துப் பெருமூச்சு விட்டாள். நிவேந்திரனும் அவள் பின்னால் நின்று பார்த்தான். "அம்மா, அதுக்குக் குளிராதா?" "பேசாம இருடா. அது கத்துக்குது."

ஆனாலும் கெவினின் விதை மட்டும் வெயிலில் இருந்தே எப்படி முளைக்காமல் இருக்கிறது என்பது அவள் தலையைக் குடைந்தது. வார இறுதியில் கெவினின் கோப்பை வீட்டுக்குப் போனபோது, கொடுத்த டிஃபன் பாத்திரத்தைத் திருப்பி வாங்கும் சாக்கில் ஷெர்லீன் வீட்டுக்குப் போனாள். ஷெர்லீன் மைலோ கலக்க உள்ளே போன நேரத்தில், விரலைக் கெவினின் மண்ணுக்குள் விட்டாள். வந்தது அவரை இல்லை. நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றோடு வருகிற வறுத்த கடலை. இன்னும் நெத்திலி வாடை போகவில்லை.

மலர்விழிக்குக் கோபம் வரவில்லை. இது தனக்கு ஏன் முதலில் தோன்றவில்லை என்ற பொறாமைதான் வந்தது. கடலையைத் திருப்பிப் புதைத்து, விரலைத் துடைத்துக்கொண்டு மைலோவைக் குடித்தாள்.

இந்த நாட்களில் நிவேந்திரன் வேறொரு காரியத்தில் இருந்தான். பள்ளி கேட்டில் படர்ந்திருந்த காகிதப்பூக் கொடியில் ஒரு தேன்சிட்டு கூடு கட்டிக்கொண்டிருந்தது. நாரும் பஞ்சும் சிலந்தி நூலும் வைத்து, ஒரு சின்னப் பை தொங்குவது போல. தினமும் காலையில் அவன் அதன் கீழே போய் நின்றுவிடுவான். வீட்டுக்கு வரும்வரை அதே பேச்சு.

"அம்மா, அது ஏன் கதவ சைட்ல வச்சிருக்கு? மழ வந்தா தண்ணி உள்ள போவுமா? அதுக்கு யாரு கட்ட சொல்லிக் குடுத்தா?"

மற்ற பிள்ளைகள் வகுப்புக்குள் போய் வாவ் சொல்லும் நேரத்தில் தன் பிள்ளை வாசலில் அண்ணாந்து நிற்பதை மலர்விழி பார்த்தாள். சுவரில் கெவின் மொட்டு நிலைக்குப் போயிருந்தான். அவனுடைய கடலை சொன்ன வாரத்தில் சொன்னபடி அவரைச் செடியாக மாறியிருந்தது. மலர்விழி நேரே அலுவலகத்துக்குள் போனாள்.

"மேடம், கேட்டுல ஒரு கூடு இருக்கு. அதையே பாத்துக்கிட்டு நிக்கிறான். பாடத்துல கவனம் போவுது."

உஷாராணி நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "அந்தக் கூடு இன்னும் இருக்கா? பறவைங்கள அவதானிக்கிறது அடுத்த வாரம்லா! யாரு அதுக்கு அனுமதி குடுத்தா?"

அன்று மாலையே தோட்டக்காரர் கொடியை வெட்டினார். கூட்டுக்குள் என்ன இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை. மறுநாள் காலை, அதே இடத்தில், தலைமையகத்திலிருந்து வந்த பிளாஸ்டிக் கூடு நீல முட்டைகளோடு கேபிள் டையால் கட்டப்பட்டிருந்தது. தேன்சிட்டு வாயில் பஞ்சோடு வந்தது. பிளாஸ்டிக்கைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. பஞ்சைக் கீழே போட்டுவிட்டுப் போனது.

"அம்மா, அதோட வீடு எங்க?"

"வேற எடத்துக்கு மாத்திக்கிச்சுடா."

நிவேந்திரன் கீழே கிடந்த பஞ்சைப் பார்த்தான். அதன் பிறகு அவன் எதுவும் கேட்கவில்லை. காரில் கேட்கவில்லை, சாப்பிடும்போது கேட்கவில்லை. சுரேன் அவனுக்கு வேடிக்கையாக ஏதேதோ சொல்லிப் பார்த்தான். ம் என்றான்.

மலர்விழி அதைக் கவனித்தாள். ஆனால் பறவை அவதானிப்புத் தேர்வு வந்தது. அவள் அந்த எண்ணத்தை ஒதுக்கி வைத்தாள். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பிளாஸ்டிக் கூட்டின் முன் நிறுத்தப்பட்டார்கள். நிவேந்திரன் சொல்லிக் கொடுத்தபடி "வாவ்" என்றான். அவனிடம் கேள்வி இல்லை. "என்ன அமைதி, என்ன வியப்பு" என்று உஷாராணி நெகிழ்ந்தார். அவன் ஒரே நாளில் விதையிலிருந்து மொட்டுக்குத் தாவினான்.

அடுத்து கெவின். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, ஒரு முட்டையை எடுத்து அமுக்கினான். அது கீச்சென்றது. "டீச்சர், இது பொம்ம முட்ட! நெச முட்டைய யாரு எடுத்தது?"

அனுசியா டீச்சர் தரையைப் பார்த்தாள். உஷாராணி நீண்ட மூச்சு விட்டு, "நம்பிக்கைக் குறைபாடு" என்றார். கெவின் மொட்டிலிருந்து விதைக்கு இறக்கப்பட்டான். அன்று மாலை ஷெர்லீன் சுவரிலிருந்து கெவினின் படத்தைத் தானே பிய்த்து எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவர்கள் பள்ளிக்கு வரவில்லை.

மலர்விழி அன்று இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

மார்ச் கடைசியில் சமூக மண்டபத்தில் வசந்த விழா நடந்தது. நிவேந்திரன் அட்டையில் வெட்டிய பெரிய இதழ்களோடு மேடை ஏறினான். மலர் நிலை அடைந்த ஒரே பிள்ளை அவன். வெள்ளிக் கோப்பை ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். மலர்விழியின் கண் மேடையில் இல்லை. நாற்காலி நாற்காலியாகத் தேடிக்கொண்டிருந்தது. ஷெர்லீன் வரவில்லை. அவள் பார்க்காத வெற்றி உப்பில்லாத குழம்பு மாதிரி இருந்தது.

உஷாராணி நிறைவுரை ஆற்றினார். "நம்ம பிள்ளைங்க மலர்ந்துட்டாங்க. மலர்ந்தது என்னா ஆகணும்? உதிரணும்! அதான் இயற்கை. அடுத்த மாசம் நம்ம பள்ளியில இலையுதிர் காலம். மலர் நிலை பிள்ளைங்கதான் மொதல்ல உதிருவாங்க. உதிர்ந்தவங்க மறுபடி விதையா பதிஞ்சிக்கணும். பதிவு வெளிய மேசையில நடக்குது. இந்த வட்டம் நிக்கவே நிக்காதுன்னு நான் உறுதி குடுக்குறேன்."

கைதட்டல் எழுந்தது. மலர்விழியும் தட்டினாள். தட்டி முடித்த பிறகுதான் எதற்குத் தட்டினோம் என்று புரிந்தது. அவள் பதிவு மேசைக்குப் போகவில்லை. பையனையும் கோப்பையையும் காரில் ஏற்றினாள். அட்டை இதழ்கள் மடங்காததால் அவன் பின் இருக்கையில் சாய்ந்தபடி கிடந்தான்.

ஷெர்லீன் வீடு பூட்டியிருந்தது. அப்பா வீட்டுக்கு எஸ்டேட்டுக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். மலர்விழி அப்படியே செலண்டாருக்கு வண்டியைத் திருப்பினாள். ஏன் இவ்வளவு தூரம் போகிறோம் என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஷெர்லீனின் அப்பா சின்னப்பன் வீட்டுக்கு முன்னால், செம்பனை மரங்களை ஒட்டி ஒரு லோங்காங் வாய்க்கால் ஓடியது. கெவின் அதன் கரையில் குந்தி, வாளியும் கையுமாக மீன் பிடித்துக்கொண்டிருந்தான். ஷெர்லீன் பிளாஸ்டிக் நாற்காலியில் மாங்காய் தின்றுகொண்டிருந்தாள்.

"வா. ஜெயிச்ச கப்பக் காட்டத்தான் வந்தியா?"

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன்லா."

"மலாக்காலேர்ந்து செலண்டாருக்கு, சும்மா?" ஷெர்லீன் காரின் பின் இருக்கையைப் பார்த்தாள். கோப்பை வெயிலில் மின்னியது. அவள் உதடு கோணியது. "எனக்கு வயிறு எரியுதுடி, மலர். அந்தச் சுவத்துல உன் பையன் மேல இருந்தத என்னால பாக்க முடியல. அழுதுட்டேன்."

தமிழ்ப்பள்ளிக் காலத்திலிருந்து மலர்விழி கேட்கக் காத்திருந்த வார்த்தைகள் அவை. கேட்டதும் குளிர்ந்துதான் போனாள். ஆனால் அந்தக் குளிர்ச்சி நிற்கவில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"அவன் பேச மாட்றான் ஷெர்லீன். ஒரு கேள்வி கேக்க மாட்றான். கேட்டுல இருந்த கூட்ட நான்தான் எடுக்கச் சொன்னேன்."

ஷெர்லீன் மாங்காயைத் தட்டில் வைத்தாள். "உனக்கு முந்துன நாளே நான் சொன்னேன்."

"நீயா? நீ ஏன்?"

"உன் பையன் நெசப் பறவையப் பாத்துக் கத்துக்குறான். கெவின் பின்னுக்குப் போயிடுவான்னு பயம். மேடம் அப்ப யோசிக்கிறேன்னாங்க."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

நிவேந்திரன் காரிலிருந்து ஒருவழியாக இறங்கியிருந்தான். கெவின் கூப்பிட்டான். "வாடா, மீன் இருக்கு!" நிவேந்திரன் அசையாமல் அம்மாவைப் பார்த்தான். "அம்மா, இது எந்த ஆக்டிவிட்டி?"

மலர்விழி லோங்காங்கைக் காட்டினாள். "ஒண்ணும் இல்லடா. போ."

அவன் போனான். குனிந்ததும் இதழ்கள் தண்ணீரில் நனைந்து தொங்கின. கெவின் அவற்றைப் பிய்த்து எறிய உதவினான். சேற்றில் முழங்கால்வரை இறங்கி இருவரும் துழாவினார்கள். ஒரு குட்டி மீன் நிவேந்திரன் உள்ளங்கையில் சிக்கியது. அதை முகத்துக்கு அருகே கொண்டுவந்து வெகு நேரம் பார்த்தான்.

"கெவின், இது ஏன் வாயத் தொறந்து தொறந்து மூடுது?"

"தெர்லடா. பேசுதோ என்னமோ."

"யாருகிட்ட?"

மலர்விழி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஷெர்லீன் அவள் தோளில் கை வைத்தாள். அந்த நிமிடம் உலகத்தில் யார்மீதும் யாருக்கும் எந்தப் பொறாமையும் இல்லை.

அப்போது கெவின் ஒரு மீனைத் தூக்கிப் பிடித்தான்.

"கெவினோடது கொஞ்சம் பெருசு" என்றாள் ஷெர்லீன், சாதாரணமாகத்தான்.

மலர்விழி எழுந்து நின்றாள். "நிவேன்! அந்தப் பக்கம் போடா, கல்லுக்கு அடியில பாரு! அங்கதான் பெருசு இருக்கும்!"

"கெவின்! நீ ஏன் சும்மா நிக்கிற? கல்லுகிட்ட நீ போ!"

"ரெண்டு கையாலயும் புடிடா நிவேன்!"

பிள்ளைகள் இருவரும் நிமிர்ந்தார்கள். கரையில் நின்று கையை ஆட்டிக் கத்தும் இரண்டு அம்மாக்களைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். வாளியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, லோங்காங் வழியாகவே நடந்து, செம்பனை வரிசைக்குப் பின்னால் திரும்பி, சத்தம் எட்டாத இடத்துக்குப் போய்விட்டார்கள்.

கொஞ்ச நேரம் கழித்துத் தூரத்தில் சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

"பாத்தியா, நமக்குப் பயந்து ஓடுதுங்க" என்றாள் ஷெர்லீன். "ஆனா மொதல்ல ஓடுனது கெவின்தான்."

"இல்லலா," என்றாள் மலர்விழி. "நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். நிவேன்தான்."